இட்லிக்கு மட்டும்

சென்னை சோழிங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் மாதாமாதம் ஒரு காட்சி நடக்கும். காலையில் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள் இரண்டு மூன்று பேர் கனத்த துணிப்பையோடு லிஃப்டில் ஏறுவார்கள். திரும்பும்போது பை மடிந்து கக்கத்தில் இருக்கும். பையில் வந்தது ரேஷன் புழுங்கலரிசி. கிலோ 10 ரூபாய். இப்படி விற்பதும் வாங்குவதும் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அரிசி என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. "இந்த மாதம் வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கூடவே, யாரும் கேட்காமலே ஒரு விளக்கமும் வரும்: "இட்லிக்கு மட்டும்."

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இட்லிக்கு அதை அடிக்க வேறு அரிசி இல்லை. குட்டையும் தடிமனுமான புழுங்கலரிசி. நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்தால் மாவு பொங்கி நிற்கும். கடையில் 'இட்லி அரிசி' என்று பெயர் எழுதிய பையில் வருவது இதன் வசதியான பங்காளி. என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், சொந்த வயல் நெல்லைக் குத்திச் சாப்பிட்ட குடும்பம். எதிர்வீட்டு அம்மா சொல்லி இவளும் ஐந்து கிலோ வாங்கினாள். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டாள். தப்பு அல்லவா என்று சட்டம் பேசினேன். காரணம் அது இல்லை.

மதுரை செல்லூரில் அப்பா தறி ஓட்டினார். எங்களுடையது பச்சை ரேஷன் அட்டை. பச்சை அட்டைக்கு அரிசி. வெள்ளை அட்டைக்கு அரிசிக்குப் பதில் கூடுதல் சீனி. 2001இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது ரேஷனில் அரிசி கிலோ 3.50 ரூபாய். 2006இல்தான் 2 ரூபாயானது, 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். விலை எவ்வளவு குறைந்தாலும் அதன் வாடை குறையவில்லை. சாக்கும் ஈரமும் கிடங்கும் சேர்ந்த ஒரு வாடை. உலையில் கொதிக்கும்போது தெருவுக்கே தெரியும். அம்மா சொளகில் புடைத்துக் கல் பொறுக்குவார். பிறகு ஐந்து தண்ணீர் கழுவுவார். நாலாவது தண்ணீர் வரை கலங்கலாக இருக்கும். ஐந்தாவதில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். சில நாள் ஆறாவதும் உண்டு. விருந்தாள் வந்தால் பின்வாசல் வழியாக என்னை அண்ணாச்சி கடைக்கு அனுப்பி அரை கிலோ பொன்னி வாங்கிவரச் சொல்வார். அந்தப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டில் வாடையை மறைக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. வாரத்தில் நாலு நாள் புளிச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு. நல்லெண்ணெயும் பெருங்காயமும் தாராளமாக இருக்கும். பக்கத்தில் உட்காரும் பையனின் அப்பா வங்கியில் வேலை பார்த்தார். அவன் தன் தயிர்ச்சோற்றைத் தள்ளிவிட்டு என் டப்பாவைப் பிடுங்குவான். "உங்கள் வீட்டில் தினமும் பெருமாள் கோயில் பிரசாதமா?" என்பான். ஆமாம் என்று தலையாட்டுவேன். வெறும் சோறும் குழம்பும் கொண்டுபோன நாட்களில் மூடியை முழுதாகத் திறக்காமல் சாப்பிடுவேன். இன்றைக்கும் ஓட்டலில் சோறு வந்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் நான் சாப்பாட்டு ரசிகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா கண்ணகி நகர்க்காரர். ஒருநாள் மனைவி அவரிடம், "இந்த அரிசியில் நீங்கள் சோறு வடிக்கிறீர்களா?" என்று கேட்டாள். அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும் அம்மா. நாங்கள் பொன்னிதான்" என்றார். அடுக்ககத்துக்காரர்கள் கொடுக்கும் பத்துப் பத்து ரூபாயைச் சேர்த்து, மேலே காசு போட்டு, கடையில் பொன்னி வாங்குகிறார். ஆக, அந்த அரிசியைச் சோறாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆளே இல்லை. (அரசு நூற்றுக்கு ஒன்று வீதம், சத்துகள் சேர்த்துச் செறிவூட்டிய அரிசியைக் கலந்து கொடுத்தது. அது தண்ணீரில் மிதப்பதைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் அடுக்ககத்தில் ஒரு வாரம் பீதி. மாவு ஆட்டுவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.)

போன மாதம் அம்மா வந்திருந்தார். இரண்டாம் நாளே அடுப்படி மூலையில் இருந்த பையைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, முகர்ந்தார்.

"அட்டை வாங்கிவிட்டாயா?"

விலைக்கு வாங்குகிறோம் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால் துடைத்துக்கொண்டார். அன்று மாலை இட்லிக்கு ஊறப்போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு தண்ணீர் போதும் அத்தை என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை. ஐந்து.

மறுநாள் காலை அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கினோம். எதிர்வீட்டு அம்மாவும் லிஃப்டில் ஏறினார். நலம் விசாரித்தார். பேச்சு இட்லிக்கு வந்தது. எங்கள் வீட்டு மாவைப் புகழ்ந்தார். பிறகு குரலைத் தணித்து, "இட்லிக்கு மட்டும்தான் அந்த அரிசி. சோறு வடித்தால் கிட்டே போக முடியாது, அப்படி ஒரு வாடை" என்றார்.

"நன்றாகக் கழுவினால் வாடை போய்விடும்" என்றார் அம்மா, சாவகாசமாக. "இவனை அந்தச் சோற்றில்தான் வளர்த்தேன்."

எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்த்தேன். இன்னும் ஆறு மாடி இருந்தது.