படிவத்தின் பின்பக்கம்

கலிபோர்னியாவில் ஒரு கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பொதுப்பணித் துறையில் நான் சேர்ந்த முதல் வாரமே டெண்டர் திறப்பு. கிளை நூலகம் கட்டும் வேலை, கெடு மதியம் 2 மணி. ஒன்றே முக்காலுக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆபீசின் இளைஞன் பாதி நிரப்பிய படிவத்தோடு, காதில் போனை இடுக்கிக்கொண்டு முன்மேசையில் நின்றான். அவனுடைய ஆபீசுக்கு எலக்ட்ரிகல், பிளம்பிங் ஆட்களின் விலை கடைசி நிமிடம் வரை வந்துகொண்டே இருக்கும். 1.56-க்கு மொத்தத் தொகையைப் பேனாவால் எழுதி, உறையை ஒட்டி, நேர முத்திரை வாங்கினான். 2.01-க்கு வந்த இன்னொரு உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

திருச்சியில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவன் நான். நம்மூரில் டெண்டரோடு கட்டும் ஈ.எம்.டி. வைப்புத்தொகை போல இங்கே டெண்டர் தொகையில் 10 சதவீதத்துக்கு பிட் பாண்ட், அதாவது டெண்டர் கிடைத்தபின் பின்வாங்க மாட்டோம் என்பதற்கான உத்தரவாதப் பத்திரம். அதெல்லாம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. புதிதாக இருந்தது படிவத்தின் பின்பக்கம்தான். மொத்தத் தொகையில் அரை சதவீதத்துக்கு மேல் வேலை செய்யப்போகும் ஒவ்வொரு சப்-கான்ட்ராக்டரின், அதாவது கான்ட்ராக்டரிடம் வேலையில் ஒரு பகுதியை எடுத்துச் செய்பவரின், பெயரையும் அங்கே எழுதித் தர வேண்டும். டெண்டர் கிடைத்த பிறகு ஒருவர் கொடுத்த விலையை இன்னொருவரிடம் காட்டி, 'இதைவிடக் குறைப்பியா?' என்று பேரம் பேசக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அப்படிக் குறைக்கிற காசு கவுன்டிக்கு வருவதில்லை, கான்ட்ராக்டரிடமே நின்றுவிடும். குறைந்த விலைக்கு ஒத்துக்கொண்டவர் பொருளிலும் ஆளிலும் கைவைப்பார்.

வேலை தொடங்கி மூன்றாம் மாதம் கான்ட்ராக்டரின் மேனேஜர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். பட்டியலில் உள்ள பிளம்பிங் நிறுவனத்தால் ஆள் தர முடியவில்லை, வேறொருவரைப் போட அனுமதி வேண்டும், விசாரணை என்று இழுத்தால் வேலை நின்றுவிடும் என்றார். நான் அனுமதிக் குறிப்பை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

தாமதம் என்ற சொல் என்னைப் பயமுறுத்தியதற்குக் காரணம் உண்டு. இங்கே கவுன்டி தன் ஓர் ஆண்டு வருமானத்தை மீறி நேரடியாகக் கடன்படுவதானால், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். லேசில் கிடைக்கிற சம்மதமா அது! அதனால் எங்கள் நூலகத்துக்குக் குத்தகை வழி. அதற்கென்றே அமைத்த ஓர் அமைப்பு முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டும், கவுன்டி கட்டடத்துக்கு வருடா வருடம் வாடகை கட்டும், அந்த வாடகையில்தான் அசலும் வட்டியும் அடையும். கட்டடம் பயன்பாட்டுக்கு வராமல் அந்த வாடகையைக் கட்ட முடியாது. அதுவரைக்குமான வட்டியையும் கடன் பணத்திலேயே கணக்காக ஒதுக்கி வைத்திருந்தோம். நாள் தள்ளத் தள்ள அந்த ஒதுக்கீடு கரையும்.

பக்கத்து மேசை அம்மா, கொள்முதல் பிரிவில் 22 வருடம் இருந்தவர், என் குறிப்பைப் பார்த்துவிட்டு, "அந்த பிளம்பருக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். சொல்லவில்லை. சட்டப்படி அவருக்கு எழுத்தில் தெரிவித்து, ஆட்சேபம் சொல்ல 5 வேலைநாள் தர வேண்டும். அன்று மாலையே பதிவுத் தபால் போனது.

மூன்றாம் நாள் அந்த பிளம்பரே நேரில் வந்தார். ஓரம் மடங்கிய ஒரு பில்லை மேசையில் விரித்து வைத்தார். நம் நூலகத்துக்கென்று வாங்கி இறக்கிய செப்புக் குழாய்களின் பில் அது. நாலு ஆட்களின் பெயரோடு வேலை அட்டவணையும், எப்போது வரலாம் என்று கேட்டு அவர் அனுப்பி, பதிலே வராத ஆறு மின்னஞ்சல்களும் கூடவே இருந்தன.

விசாரணை நடந்தது, மாற்றம் மறுக்கப்பட்டது. மொத்தம் எட்டு வேலைநாள் போனது. வட்டி ஒதுக்கீட்டில் அதைத் தாங்க இடம் இருந்தது. கணக்கைப் பார்க்காமலே பயந்திருக்கிறேன்.

பொதுக் கட்டடத்தின் மீது யாரும் பாக்கிக்காக உரிமை கோர முடியாது. சப்-கான்ட்ராக்டர் கடைசியாக நம்பக்கூடியது, பாக்கி வைக்காமல் கொடுப்பேன் என்று கான்ட்ராக்டர் முழுத் தொகைக்கும் கொடுத்திருக்கும் உத்தரவாதப் பத்திரமான பேமென்ட் பாண்ட். இதை அவருக்கு நான் விளக்கப் போனேன். அவர் அதன் நகலை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார்.

நூலகம் திறந்த அன்று மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். புத்தகப் பக்கம் போகுமுன், குழந்தைகள் பகுதியில் இருந்த குட்டையான குடிநீர்க் குழாயை அவளை அழுத்திப் பார்க்கச் சொன்னார்.