'பாத்தியா?'

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "பாத்தியா?" அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனாலும் எட்டு மாதமாக அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆறாம் வகுப்புக்கு 'பைப்பர்' போட்டிருந்தேன். ஆலன் பாரிலாரோ இயக்கி, 2016இல் பிக்ஸார் வெளியிட்ட அனிமேஷன் குறும்படம். மறுவருடம் ஆஸ்கர் வாங்கியது. ஆறு நிமிடம்தான், ஒரு வசனம்கூடக் கிடையாது. மொழிப்பாடம் எடுப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? திரையில் பேச்சில்லாத இடத்தையெல்லாம் பிள்ளைகள் பேசி நிரப்பட்டும். 'படம் போட்டா கிளாஸ் அமைதியா இருக்கும்' என்கிற ஆசிரியர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பாதியில் நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்டால் வகுப்பே கத்தும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் படமே போடுவது.

கடற்கரையில் இரை தேடப் போன பறவைக் குஞ்சு, அலை அடித்து நனைந்து, கூட்டுக்குள் ஒடுங்கி நடுங்குகிற இடத்தில் நிறுத்தினேன். பத்துப் பேர் கை தூக்கினார்கள். குஞ்சு மறுபடி போகும், ஜெயிக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து, கையைத் தூக்காமலே அவன் பேசினான். பள்ளி திறந்ததிலிருந்து தானாக வாய் திறக்காத பையன்.

"அது இனிமே போகாது சார். கூட்டுலயே இருந்துக்கும். அவங்க அம்மா கொண்டாந்து குடுப்பாங்க."

"சரி, பாப்போமா?" என்று படத்தை ஓட விட்டேன்.

முடிவு எனக்குத் தெரியும். சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டு, அலை வரும்போது மணலில் புதைந்துகொள்கிறது. அதைப் பார்த்துக் குஞ்சும் புதைந்துகொள்ளும். தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தால் சுற்றிலும் சிப்பிகள். அதற்கப்புறம் ஒரே ஆட்டம்தான். வகுப்பு கைதட்டியது. நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"பாத்தியா?"

தலையாட்டினான்.

'எவ்வளவு அழகா இருக்கு, பாத்தியா' என்றுதான் சொல்ல வந்தேன். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அப்படியானால் முப்பது பேரை விட்டுவிட்டு அவன் பக்கம் மட்டும் ஏன் திரும்பினேன்? 'நீ சொன்னது தப்பு, பாத்தியா' என்று அவன் காதில் விழுந்திருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. தப்பு என்றுகூட இப்போது தோன்றவில்லை. இந்த மாதிரிப் படம் எப்படி முடியும் என்பது அந்தப் பத்துப் பேருக்கும் பழகிப்போன விஷயம். நடுங்குகிற குஞ்சைப் பார்த்துப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் கதையை எழுதச் சொன்னேன். அவன் நோட்டில் நாலு வரி. குஞ்சு பயந்தது, நண்டைப் பார்த்தது, கற்றுக்கொண்டது, எல்லோருக்கும் சிப்பி கொடுத்தது. ஓர் எழுத்துப்பிழை இல்லை. நானும் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் முடிவைப் போடுவதில்லை. ஆளுக்கொரு முடிவு எழுதுங்கள் என்கிறேன். "முழுசாப் போடுங்க சார்" என்று சண்டைக்கு வருகிறார்கள். நியாயம்தானே? அந்தத் தண்ணீருக்கடிக் காட்சிதான் படத்தின் உயிர். என் வாய் தவறியதற்கு இவர்கள் ஏன் அதை இழக்க வேண்டும்? ஆனாலும் அந்த இடம் நெருங்கும்போது கை தானாக மவுஸுக்குப் போய்விடுகிறது.

போன வாரம் அவனையே பிடித்து மெல்லக் கேட்டேன். "எந்தப் படம் சார்?" என்றான். குஞ்சு, அலை என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஆங், அதுவா. நல்லா இருந்துச்சு சார்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, பரீட்சை எப்படி என்று கேட்டாலும் அவன் இதையேதான் சொல்வான்.