பேட்டரி அல்ல, எர்த் வயர்

என் பழைய பைக்கின் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயிலிருந்து 'டக்' என்ற ஒலி மட்டும் வந்ததே தவிர, மோட்டார் சுழலவே இல்லை. இத்தகைய நேரத்தில் பலரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். நானும் அந்த முடிவுக்கு வந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளையாக, அதற்குமுன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியதோடு, பொத்தானை அழுத்தியபோதும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. வலுவிழந்த பேட்டரியாக இருந்தால் 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்திருக்கும். ஆக, மின்சாரம் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்தியபோது, அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாத அந்த இடத்தில் 9 வோல்ட் காட்டியது. மோட்டாருக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே வீணாகிக்கொண்டிருந்தது!

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைத் துண்டித்துவிட்டு (ஸ்பேனர் தவறிப் பட்டால் பொறி பறக்கும்), எஞ்சினைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் எர்த் வயரை எஞ்சினில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன். மேலே பளிச்சென்றிருந்த, வயர் முனையின் செம்பு வளையத்தின் அடிப்புறம் முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் இரு பரப்புகளையும் மின்னும்வரை தேய்த்து, மீண்டும் முறுக்கிப் பூட்டினேன். முதல் அழுத்தத்திலேயே எஞ்சின் உயிர்பெற்றது.