எடுத்தாலும் திரும்பி வந்த விளம்பர மென்பொருள்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை அதிகம் தொடுபவர் என் மாமனார். கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பாக்டரிக்கு எத்தனை கிலோ கொழுந்து போனது, பறிப்புக் கூலி எவ்வளவு, உரச் செலவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவைப்பார். மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையையும் அதில்தான் தேடிப் பார்ப்பார். அந்தத் தேடல்தான் முதலில் கெட்டது. குரோமில் எதைத் தட்டினாலும் பெயர் தெரியாத ஒரு முகவரிக்குத் தாவி, அங்கிருந்து வேறொரு தேடுபொறியில் போய் நின்றது. பக்கம் முழுக்க விளம்பரம். போதாததற்கு வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று ஓயாமல் பெட்டி எழும்பியது.

கண்ட்ரோல் பேனலில் மென்பொருள் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. பட்டா, சிட்டா நகல்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேர்க்க வீட்டில் ஓர் இலவச மென்பொருளை இறக்கியிருக்கிறார்கள். அதே தேதியில், யாரும் கேட்காத இன்னும் சில பெயர்களும் உள்ளே வந்திருந்தன. இந்த மாதிரி இன்ஸ்டாலர்களில் ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான், கூட ஏறிக்கொள்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போனால் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்ன கணக்கு.

கடையில் விசாரித்தபோது, “பார்மட் பண்ணிடலாங்க, அரை நாள் வேலை” என்றார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. பல வருஷக் கணக்கு, பிரிண்டர் அமைப்பு, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் மறுபடி உட்கார்ந்து ஏற்ற வேண்டும். எக்செல் கோப்புகளை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இதில் ஒரு பொறி உண்டு. ‘எப்படி நீக்குவது’ என்று தேடினால் முன்னால் வந்து நிற்பவற்றில் பாதி, இலவசமாக ஸ்கேன் செய்து பயமுறுத்திவிட்டு, நீக்குவதற்குக் காசு கேட்கும் சரக்கு. அதுவும் கடத்தப்பட்ட பிரவுசரில் தேடினால் கேட்கவே வேண்டாம். அதனால் போலிகள் வந்து விழாமல் இருக்க, விளம்பர மென்பொருளை நீக்கும் அசல் ஆட்வ்கிளீனரை அதைத் தயாரிக்கும் மால்வேர்பைட்ஸின் தளத்திலிருந்தே, என் கணவரின் லேப்டாப்பில் இறக்கிக் கொண்டுவந்தேன். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, இலவசம்.

முதலில் கேட்காமல் வந்தவற்றை எல்லாம் அன்இன்ஸ்டால் செய்தேன். மூலையில் எழும்பிய ‘வைரஸ்’ பெட்டிகள் உண்மையில் வைரஸே இல்லை. ஏதோ தளத்துக்கு ‘அல்லோ’ கொடுத்ததால் வந்த நோட்டிபிகேஷன்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அல்லோவை அழுத்துங்கள்’ என்று கேட்டு வாங்கும் அனுமதி அது. குரோம் செட்டிங்ஸில் தள அனுமதிகளுக்குள் போய், நோட்டிபிகேஷன் பட்டியலில் தெரியாத முகவரிகளைத் தூக்கியதும் சத்தம் அடங்கியது.

தேடல்தான் படுத்தியது. குரோமில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களின் பக்கத்தில் ஆள் யாரென்று தெரிந்தது, ஆனால் ‘ரிமூவ்’ பொத்தானே இல்லை. குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வரி. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்? அலுவலகங்கள் தங்கள் கணினிகளில் எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக ஏற்றுவதற்கு வைத்திருக்கும் பாலிசி வசதியை இந்த மென்பொருள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. முகவரிப் பட்டையில் ‘குரோம்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் ‘பாலிசி’ என்று போட்டால் பட்டியல் வரும். ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் போர்ஸ்லிஸ்ட்’ என்ற வரியில் 32 எழுத்து நீளத்துக்கு ஓர் அடையாளம் இருந்தது, அந்த எக்ஸ்டென்ஷனுடையதேதான்.

அந்தப் பாலிசி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது: லோக்கல் மெஷினுக்குள் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம். முதலில் அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு அழித்தேன். (அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இதைத் தொடாதீர்கள். அங்கே பாலிசி இருப்பது நியாயம்.) பொத்தான் வந்தது, எக்ஸ்டென்ஷன் போனது. கணினியை அணைத்துப் போட்டதும், வேரை விட்டுவிட்டுத் தழையை மட்டும் வெட்டிய உண்ணிச்செடி மாதிரி, எல்லாம் திரும்ப முளைத்திருந்தது.

வேர், வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்தது. லாக்இன் ஆகும்போதெல்லாம் ஓடும்படி, அப்டேட் என்ற சாதுவான பெயரில் ஒரு வேலை. பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘ஆக்ஷன்ஸ்’ பகுதியில் அது எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இது விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லைக் கூப்பிட்டு, ஆப்டேட்டா போல்டருக்குள் இருந்த ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியது. அந்த வேலையை அழித்து, போல்டரை அழித்து, அதன் பிறகு பாலிசியையும் எக்ஸ்டென்ஷனையும் மறுபடி அழித்தேன். இந்த வரிசை முக்கியம். டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் ‘டார்கெட்’ வரியிலும் குரோம் பெயருக்குப் பின்னால் ஒரு முகவரியை ஒட்டியிருந்தார்கள், அதையும் வெட்டினேன்.

அப்புறம் ஆட்வ்கிளீனர் மிச்சமிருந்த ரெஜிஸ்ட்ரி துணுக்குகளைப் பிடித்தது. கடைசியாக விண்டோஸ் டிபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும் ஸ்கேன் இது. கால் மணி நேரம் போதும். ஆனால் ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் அந்தக் கால் மணி நேரம் கரண்ட் நிற்குமா என்பது வேறு விஷயம். பாதியில் போயே விட்டது. மழை விட்டபிறகு மறுபடி ஓட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது.

பலர் கோட்டைவிடும் இடம் குரோமின் சிங்க், அதாவது செட்டிங்ஸைக் கூகுள் கணக்கில் சேமித்து ஒத்திசைக்கும் வசதி. கூகுள் கணக்கில் சேமித்த எக்ஸ்டென்ஷன்கள், செட்டிங்ஸ் எல்லாம் சிங்க் வழியாகத் திரும்ப இறங்கிவிடும். அதனால் வேலையை ஆரம்பிக்கும் முன்பே சிங்க்கை அணைத்திருந்தேன். எல்லாம் சுத்தமான பிறகு கணக்கின் சிங்க் பக்கத்துக்குப் போய், சர்வரில் இருந்த தரவை அழித்துவிட்டுத்தான் மறுபடி இயக்கினேன். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை போனிலிருந்து மாற்றினோம். பிரவுசரில் உட்கார்ந்திருந்த ஒன்று எதையெல்லாம் படித்தது என்று யாரால் சொல்ல முடியும்?

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வேண்டாத செயலிகளைத் தடுக்கும்’ வசதி ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இல் 2020 மே மாத அப்டேட்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் கணினியில் அது அணைந்து கிடந்தது. அதை ஆன் செய்தேன். மாமாவின் கணக்கை அட்மினிலிருந்து சாதாரணக் கணக்காக மாற்றி, அட்மின் பாஸ்வேர்டை என்னிடம் வைத்துக்கொண்டேன். முதலில் கொஞ்சம் முகம் சுளித்தார். இப்போது பிரிண்டர் மென்பொருள் அப்டேட் கேட்டால் மட்டும், “ஏம்மா, இது உன் பாஸ்வேர்டைக் கேக்குது, வந்து பாரு” என்று கூப்பிடுகிறார்.