கொடி யாருக்காகத் தாழ்கிறது?

2022 பிப்ரவரியில் லதா மங்கேஷ்கர் மறைந்தபோது இந்திய அரசு இரண்டு நாள் துக்கம் அறிவித்தது. தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. எனக்கு அதில் குறையே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் பெலே இறந்ததும் பிரேசில் மூன்று நாள் துக்கம் அறிவித்தது. அதுவும் சரிதான்.

என்னை உறுத்துவது வேறு. இந்த மரியாதை யாருக்கு என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் இறப்புச் செய்தி வந்த சில மணி நேரத்துக்குள், ஆட்சியில் இருப்பவர் கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். 2018இல் ஸ்ரீதேவியின் உடலுக்கு மூவர்ணக் கொடி போர்த்தி அரசு மரியாதை செய்தபோதும் இதே கேள்வி எழுந்தது. நடிப்பைக் குறை சொல்லவில்லை. அளவுகோல் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

2020 நவம்பரில் மரடோனாவின் உடலை அர்ஜென்டினாவின் அதிபர் மாளிகையிலேயே வைத்தார்கள். மக்கள் வெள்ளம். கடைசியில் போலீசாருக்கும் ரசிகர்களுக்கும் மோதல், கண்ணீர்ப்புகை. அஞ்சலியை முன்கூட்டியே முடிக்க வேண்டியதாயிற்று. அழ வந்தவர்கள் கண் எரிந்து அழுதார்கள். (இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும்.)

நோய்க்கு மருந்து கண்டவரும் பாலம் கட்டியவரும் இறக்கும் நாளில் கூட்டம் வருவதில்லை; ஆகவே கொடியும் பெரும்பாலும் அசைவதில்லை.

தகுதி என்ன என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். நடிகருக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே விதி. அப்படி எழுதினால் எனக்குப் பிடித்த இரண்டு பாடகர்கள் தேறமாட்டார்கள் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.