டேண்டத்துக்கு ஒரு ஃபோர்க்: கோத்தகிரியிலிருந்து

பிப்ரவரி 8

எங்கள் டேண்டத்தை, அதாவது முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளை, கழுவும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க்கின் இடது காலில், டிஸ்க் பிரேக்கின் பிடி (காலிப்பர்) உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, குறுக்காக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பெயின்ட் மட்டும் விரிந்திருக்கிறதா, உள்ளே கார்பன் இழையே பிரிந்துவிட்டதா, பார்த்துச் சொல்ல முடியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்குப் பார்வை கிடையாது, எங்களுக்கு டேண்டம் வந்ததே அதனால்தான். ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த சத்தம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மொத்தென்று அமுங்கியது. "இது போச்சுடா. இதை வச்சுக்கிட்டு அரவேணு தாண்டிகூட இறங்க வேண்டாம்."

காசுத் தட்டல் முடிவான சோதனை இல்லைதான். ஆனால் ஸ்டீல் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும், கார்பன் அப்படி முன்கூட்டிச் சொல்லும் என்று நம்பி உட்கார முடியாது. மாற்றியே ஆக வேண்டும்.

பிப்ரவரி 11

கோவையில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். சாதாரண ரோடு சைக்கிளுக்கான கார்பன் ஃபோர்க் ஒன்றைச் சொல்லி, "அதெல்லாம் தாங்கும் சார், ஐஎஸ்ஓ பாஸ்" என்றார். ரெண்டு பேர், வண்டி, பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 170 கிலோ, தாங்கும் என்று எழுதித் தருவீங்களா என்றேன். லைனில் சத்தமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரம், தான் எந்த வண்டிகளுக்குப் பொருந்தாது என்று சொல்லும் பட்டியலில் டேண்டத்தையும் வைத்திருக்கிறது. ஆக அந்த முத்திரையை நம்பி எங்கள் வண்டியில் ஒரு ஃபோர்க்கை மாட்ட முடியாது, 'டேண்டத்துக்கு' என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 15

பிரேக் கணக்கு. இங்கிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் வரை சுமார் 33 கிலோமீட்டர், இறக்கம் ஏறத்தாழ 1,500 மீட்டர். 170 கிலோ அவ்வளவு கீழே இறங்கினால் 25 லட்சம் ஜூல் வெளியே வரும், ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. வேகமாக விட்டால் காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி இறங்குகிற நாங்கள் எங்கே வேகமாக விடுவது, பெரும்பகுதி டிஸ்க்குக்குத்தான் போகும். அதனால் முன்னால் 203 மில்லிமீட்டர் ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, வேண்டும். இப்போது வரும், காலிப்பரைக் காலோடு ஒட்டி மாட்டும் 'பிளாட் மவுண்ட்' ரோடு ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை 160-க்கு மேல் ஏற்காது. பெரிய ரோட்டரை எப்படியாவது மாட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்த இழுவை முழுக்க இடது காலில்தான் விழும், எங்கள் கோடும் அங்கேதான் வந்திருக்கிறது.

பிப்ரவரி 17

அளவெடுத்தேன். ஃபோர்க்கின் தண்டு (ஸ்டீயரர்) நுழையும் ஹெட் ட்யூப் மேலும் கீழும் ஒரே அளவு, வெறும் ஒன்றே அரைக்கால் அங்குலத் தண்டுக்கானது. கீழே ஒன்றரை அங்குலமாக விரியும் டேப்பர்டு ஸ்டீயரர் நுழையாது. சந்தையில் இருக்கும் புது ஃபோர்க்குகளில் முக்கால்வாசி இதிலேயே கழிந்துவிட்டன.

பழைய ஃபோர்க்கின் ரேக், அதாவது ஸ்டீயரரின் கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி இருக்கும் தூரம், 50 மில்லிமீட்டர். ஹெட் ட்யூப்பின் சாய்வு (ஹெட் ஆங்கிள்) 73 டிகிரி, அதனால் ட்ரெயில், அதாவது அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு டயர் எவ்வளவு பின்னால் தரையைத் தொடுகிறது என்பது, சுமார் 52. ஒற்றைச் சைக்கிளுக்கு வழக்கமான 45 ரேக் போட்டால் ட்ரெயில் 57 ஆகும். இறக்கத்தில் அது நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஏற்றத்தில் நடை வேகத்தில் போகும்போது ஹேண்டில்பார் ஒரு பக்கமாக விழப் பார்க்கும், பின்னால் அண்ணன் வேறு அசைவார். 50 தான் வேண்டும். ஃபோர்க்கின் உயரம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை: 20 மில்லிமீட்டர் கூடினால் ஒரு மீட்டர் வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உள்ள ஒற்றை வண்டியில் ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல் படுத்துவிடும், எங்கள் 1.75 மீட்டரில் முக்கால் டிகிரிகூட வராது.

பிப்ரவரி 22

ரெனால்ட்ஸ் ஊசோ ப்ரோ டேண்டம், ஆல்ஃபா க்யூ எக்ஸ்2 இரண்டும் டேண்டத்துக்கென்றே வந்த கார்பன் ஃபோர்க்குகள், இப்போது செய்வதில்லை. பழசாகக் கிடைக்கலாம். யாரோ எப்படியோ ஓட்டிய கார்பனை வாங்கி மாட்டுவதற்கு நம்முடையதையே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து வூண்ட் அப் நிறுவனத்தின் டூயோ ஃபோர்க் டேண்டத்துக்கானது. கார்பன் கால்கள், அவை மேலே சேரும் கிரவுன் அலுமினியம். பார்க்க அழகில்லை என்பார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணன் கட்சி ஸ்டீல். "நான் பிடிக்கிற ஹேண்டில்பார் உன் சீட்டுக்குக் கீழ இருக்கு, எனக்கென்ன கார்பன்?" நியாயம்தான். கார்பனில் மிச்சமாகும் எடை அரைக் கிலோ, 170-இல் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஸ்டீல் போட்டால் மோசமான ரோட்டில் மரத்துப்போவது என் உள்ளங்கைதான்.

பிப்ரவரி 24

டூயோவைக் கேட்டு வூண்ட் அப்புக்கு எழுதிவிட்டேன்: மொத்த எடை, 203 ரோட்டர், 50 ரேக், நேர் ஸ்டீயரர். நான்குக்கும் எழுத்தில் 'சரி' வந்தால் பணம் அனுப்புவேன், ரோட்டருக்கு மட்டும் மழுப்பினாலும் ஸ்டீல்தான், அண்ணனிடம் ஒப்புக்கொண்டாயிற்று.

பழைய ஃபோர்க்கைச் சும்மா ஆக்கர் கடையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். மாஸ்க் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் விட்டு விட்டு, ஆக்ஸா பிளேடால் கிரவுனுக்குக் கீழே இரண்டு கால்களையும் அறுத்துவிட்டோம்.