அம்மாயியும் அறுபத்தஞ்சு சென்ட்டும்

"இன்னிக்கும் மூத்திரந்தானா கண்ணு?" லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்னே அம்மாயி கேட்கும். ஆமாங்க அம்மாயி, அதேதான்.

கஞ்சமலை அடிவாரத்து மண்ணில் காந்தத்தை இழுத்தால் கருப்பாக மீசை முளைக்குமே, ஞாபகமிருக்கா சேலத்துக்காரங்களே? அந்த மேக்னடைட் என்கிற காந்த இரும்புத் தாதுதான் இப்போது எனக்குச் சோறு போடுகிறது. மலையில் அள்ளியதல்ல, இரும்பு உப்புகளிலிருந்து லேபிலேயே செய்த நானோ துகள், மேலே கார்பன் பூச்சு. சில மில்லிகிராமைச் சிறுநீரில் போட்டுக் குலுக்கினால் மருந்து மூலக்கூறுகள் போய் ஒட்டிக்கொள்ளும். குப்பிக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்ததும் கருப்பு மொத்தமும் ஓரமாக ஒதுங்கும் (எத்தனை முறை பார்த்தாலும் சலிக்கவில்லை). சிறுநீரைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் மெத்தனாலில் மருந்தைக் கழற்றி, எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவிக்கு அனுப்பலாம். அப்படியே அனுப்பினால் உப்பும் நிறமியும் புகுந்து மருந்தின் சிக்னலை அமுக்கிவிடும்.

இன்று பிஎச் (அமில, காரத் தன்மை) சரிசெய்ய மறந்து காலை வேலை மொத்தமும் வீண். ஒன்றும் ஒட்டவில்லை.

துகள் பொடியாகப் பொடியாக மருந்து ஒட்டும் பரப்பு கூடும். இதே வேலைக்கு கிராஃபீனும் உண்டு, ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள். கணக்குப்படி அதில் ஒரு கிராமுக்கு 2630 சதுர மீட்டர். "அறுபத்தஞ்சு சென்ட் அம்மாயி!" என்றேன்.

"பட்டா யாரு பேர்ல இருக்குது?"